அது ஒண்ணும் சொல்லல

பெயர்: வெர்லின் ஸ்ட்ரவுட். வயது: 58. தொழில்: வீட்டு ஹீட்டர் ரிப்பேர். முகவரி: 214, ஹிக்கரி தெரு, பெல்ட்டன் கிரீக், ஒஹாயோ. பதிந்த நாள்: 10.10.2025, வெள்ளி, காலை 10.20. பதிந்தவர்: சார்ஜென்ட் லின் பியாசெக்.

நான் மேலே கண்ட முகவரியில் என் மனைவி ஜோயெலனோடு இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன். அவளுக்கு வயது 55. என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று சார்ஜென்ட் இரண்டு தடவை சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என் மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். பதினோரு வீடு, பாதி ஊருக்குள், பாதி நெடுஞ்சாலை தாண்டி. ஒரு வீட்டில் புண்ணுக்குக் கட்டுப்போட நேரமாகிவிட்டால் அடுத்த வீட்டில் இன்சுலின் தாமதமாகும், அதனால் காரை விரட்டுவாள். இந்த வருடம் மூன்று முறை வேகத்துக்காகப் பிடிபட்டாள். ஆகஸ்டில் நீதிபதி, இன்னொரு முறை வந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். லைசென்ஸ் இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. மெதுவாக ஓட்டு என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதைச் சொல்லாமல் ரேடார் டிடெக்டர் வாங்கப் போனேன்.

செப்டம்பர் 20, சனிக்கிழமை, கார் சாமான்கள் விற்கும் கடைக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே டாரில் என்கிற விற்பனையாளர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். இரண்டும் போலீஸ் ரேடாரை மோப்பம் பிடித்துக் கத்தும். ஆனால் கடைகளின் தானியங்கிக் கதவிலும் அதே மாதிரி அலை உண்டு என்பதால் ஊருக்குள் கதவைக் கண்டாலும் கத்தும். "நெடுஞ்சாலைக்கு மட்டும்னா இது போதும். ஊருக்குள்ளயும் ஓட்டணும்னா அத எடுங்க. இது கத்தும், அது கத்துக்கும்" என்றார். எப்படி என்று ஜோயெலன் கேட்டாள். வீண் சத்தம் வருகிற இடத்தில் மூன்று முறை இந்தப் பொத்தானை அழுத்தினால் பெட்டி அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அப்புறம் அங்கே வாயே திறக்காது என்று செய்து காட்டினார். "இருபத்தாறு வருஷமா இவருக்கு அந்தப் பொத்தான் எங்க இருக்குன்னுதான் தேடிட்டு இருக்கேன்" என்றாள் ஜோயெலன். டாரில் சிரித்தார். நானும் சிரித்தேன். கத்துக்கும் பெட்டியையே வாங்கினோம்.

அதன் பிறகு நான் அதை முன்கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "சத்தம் வந்தா கால எடு. சத்தம் இல்லன்னா ஒண்ணும் இல்ல, போய்க்கிட்டே இரு." அந்த வாரமே நெடுஞ்சாலையில் பாலத்துத் தூணுக்குப் பின்னால் உங்கள் ஆள் ஒருவர் ஒளிந்து நின்றிருக்கிறார். பெட்டி முக்கால் மைலுக்கு முன்னாலேயே கத்தியதாம். ஜோயெலன் வீட்டுக்கு வந்து பெட்டிக்கு முத்தம் கொடுக்காத குறைதான். அதற்குப் பிறகு அவள் வேக முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள், பெட்டியின் பேச்சைத்தான் கேட்டாள்.

ஆனால் ஊருக்குள் பெட்டியோடு குடித்தனம் நடத்த முடியவில்லை. மளிகைக்கடைக் கதவு, வங்கிக் கதவு, பக்கத்தில் வருகிற புதுக் கார், எல்லாவற்றுக்கும் அலறியது. "இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு வெர்லின், நீயே கொண்டுபோய் ஓட்டிட்டு வா" என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சாவியை என் கையில் திணித்தாள். அதனால் அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய காரை எடுத்துக்கொண்டு அவள் போகிற வழி முழுக்க நான் ஓட்டினேன். எங்கெங்கே வீணாகக் கத்தியதோ அங்கெல்லாம் திரும்பித் திரும்பி வந்து மூன்று முறை அழுத்தினேன். மொத்தம் பதினான்கு இடம். பதினோராவது இடம் மேப்பிள் தெரு, மருந்துக்கடை எதிரில். அங்கே இதற்கு முன்னும் கத்தியது என்று ஜோயெலன் சொல்லியிருந்ததால் மருந்துக்கடைக் கதவுதான் என்று நினைத்தேன்.

அந்தக் கடையை அடுத்து ஆரம்பப்பள்ளி இருக்கிறது. அன்று அங்கே புதிதாக ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். உச்சியில் ஏதோ ஒன்றைக் கறுப்பு பிளாஸ்டிக் பையால் மூடிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், அதற்குமேல் சின்ன சோலார் தகடு. நான் அதைப் பார்த்தேன். மூன்று முறை போனேன், மூன்று முறையும் பார்த்தேன். வண்டி நிறுத்தக் கூடாது என்று போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் தொழிலில், கறுப்புப் பை சுற்றிய இயந்திரம் என்றால் இன்னும் ஓடவில்லை என்றுதான் அர்த்தம். பைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை, காலை 8.10-க்கு நான் அங்கிருந்து ஆறு தெரு தள்ளி ஒரு வீட்டின் நிலவறையில் ஹீட்டர் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜோயெலன் கூப்பிட்டாள். "ஒருத்தங்கள இடிச்சிட்டேன், ஒருத்தங்கள இடிச்சிட்டேன்" என்பது தவிர வேறொன்றும் வரவில்லை. எந்த இடம் என்று கேட்டேன். மேப்பிள் தெரு என்றாள். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஓப்பல் டாக்கெட் அம்மாளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவர், வயது எழுபத்தொன்று. அந்தத் தெருவில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். என்னை "ஏ ஹீட்டர்காரா, அடுப்பு அணைஞ்சா போயிடும், மெதுவாப் போ" என்பார். எப்போதும் பிள்ளைகளை நடைபாதையில் நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் முதலில் நடுச்சாலைக்குப் போவார். அதனால் அன்று பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய "நில்" பலகை மருந்துக்கடைப் புல்லில் கிடந்தது. காபிக் குடுவை நடைபாதை ஓரத்தில் மூடியோடு அப்படியே நின்றது.

அதன் பிறகு நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தேன். கறுப்புப் பையைக் காணோம். அது வருகிற வண்டியின் வேகத்தை ரேடாரால் அளந்து காட்டுகிற பலகை. "20" என்ற எல்லைக்குக் கீழே "உங்கள் வேகம்" என்று மினுக்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை திறந்திருக்கிறார்கள். கிழக்கே பார்த்த தெரு, கண்ணுக்கு நேரே வெயில், அவள் பலகையைப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் பெட்டிக்கு வெயில் தெரியாது, அது கத்தியிருக்கும். கத்தியிருந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருக்கும். கத்தாதே என்று அதற்குச் சொல்லி வைத்தவன் நான்.

சார்ஜென்ட் அப்போது சாலையில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நான் ஜோயெலனின் கோட்டை எடுப்பதுபோலக் காருக்குள் குனிந்து பெட்டியைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கி என் கருவிப் பைக்குள் போட்டேன். ஒஹாயோவில் அதை வைத்திருப்பது குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். சட்டத்துக்குப் பயந்து எடுக்கவில்லை.

அதன் பிறகு சார்ஜென்ட் என் மனைவியிடம், இருபது மைல் எல்லையில் முப்பத்தேழு மைலில் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். அவள், "அது ஒண்ணும் சொல்லல" என்றாள். யார் ஒன்றும் சொல்லவில்லை, காரில் வேறு யார் இருந்தார்கள் என்று சார்ஜென்ட் மூன்று முறை கேட்டார். அவள் வெறும் கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். காரில் இன்னொரு ஆள் இருந்து ஓடிவிட்டான் என்று நீங்கள் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்படி ஆள் யாரும் இல்லை. அவள் சொன்ன "அது" இந்தப் பெட்டி.

வீட்டுக்குப் போகும்போது பெட்டி எங்கே என்று கேட்டாள். என்னிடம் இருக்கிறது, அதைப் பற்றி யாரிடமும் பேசாதே என்றேன். பிறகு, "அது கத்தியிருக்கும் வெர்லின். எனக்குத்தான் கேக்கல. என் காது போச்சு" என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து டாக்கெட் அம்மாள் கண் திறந்தாரா என்று கேட்பதும், ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு தூரம் தூரமாகப் போய் நின்று கேட்பதுமாக இருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயடைத்த இடங்களின் பட்டியல் நாள், நேரத்தோடு பெட்டிக்குள் இருக்கிறது. நேற்று, வியாழன் மாலை ஐந்து மணி சுமாருக்கு, நான் கார் ஷெட்டில் பெட்டியை பேட்டரியில் மாட்டி அந்தப் பட்டியலைத் திறந்தேன். பதினோராவது: மேப்பிள் தெரு, அக்டோபர் 5, காலை 11.40. அழிக்கவா என்று கேட்டது. கட்டைவிரலை அதன்மேல் வைத்துவிட்டேன். அழித்திருந்தால் இன்று இங்கே வந்திருக்க மாட்டேன்.

அப்போது ஜோயெலன் உள்ளே வந்தாள். பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. "நீ அந்தக் கோடில நில்லு. நான் சுவரப் பாத்து நிக்கிறேன். ஏதாவது வார்த்தைய மெதுவாச் சொல்லு, எனக்குக் கேக்குதான்னு பாப்போம்" என்றாள். முதுகைக் காட்டி நின்றாள். நான் "திருகாணி" என்றேன். திருகாணி என்றாள். இன்னும் மெதுவாகச் சொல்லச் சொன்னாள். "வடிகட்டி" என்றேன். சொன்னாள். உதட்டை மட்டும் அசைத்த மாதிரி "வெயில்" என்றேன். அதையும் சொன்னாள். ஒன்பது வார்த்தை, ஒன்றுகூடத் தப்பவில்லை. அதன் பிறகு சுவரைப் பார்த்தபடியே, "அப்ப அது மட்டும் ஏன் வெர்லின் கேக்கல?" என்று அழுதாள். நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். பத்தாவது வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகையால் இன்று காலை பெட்டியை, பட்டியல் அழியாமல், சார்ஜென்டிடம் ஒப்படைத்தேன். "கார ஓட்டினது அவங்கதான், மிஸ்டர் ஸ்ட்ரவுட்" என்று சார்ஜென்ட் சொன்னார். அது எனக்குத் தெரியும். அவளைத் தப்பிக்க வைக்க நான் வரவில்லை. டாக்கெட் அம்மாள் இன்னும் கண் திறக்கவில்லை. திறக்காவிட்டால் ஜோயெலன்மேல் என்ன வழக்கு வரும் என்று கேட்டேன். அதைவிட எனக்கு வெளியே போகத்தான் பயம். அவள் முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எடுத்துப்போன காரில் விட்ட மருந்துப் பையை வாங்க வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வரும் வியாழக்கிழமைக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். ஒரு வரியைத் தனியாக எழுதி, அதன் நகலை என் கையில் தர வேண்டும் என்று கேட்டேன், வெளியே போய் என் வாயால் சொல்ல முடியாமல் போனால் காட்டுவதற்கு. சார்ஜென்ட் எழுதினார்:

ஜோயெலன் ஸ்ட்ரவுட்டின் காதில் எந்தக் குறையும் இல்லை.

இதுவரை உள்ளதை எனக்கு உரக்க வாசித்தார்கள். நான் சொன்னதற்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) வெர்லின் ஸ்ட்ரவுட்