நடக்காத இருபது வகுப்புகள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. அவை சரி. வயது எழுபத்திரண்டு. முப்பத்தெட்டு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. மருந்துத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்யும் என் ஒரே மகளோடும் அவளுடைய ஐந்து வயதுப் பெண் குழந்தையோடும் மேற்படி விலாசத்தில் மூன்றாவது மாடியில் வசிக்கிறேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மருமகன் இரண்டு ஆண்டுகளாக எங்களோடு இல்லை. அவரைப் பற்றி இந்த வழக்கில் சொல்ல ஒன்றுமில்லை.

குழந்தைக்குக் காது கேட்கும், பேச்சு வரவில்லை. சென்ற ஆண்டு ஜூலை மாதம் முதல் செவ்வாய், வியாழன் மாலை நான்கு மணிக்கு அவளைப் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு நான்தான் அழைத்துப் போய்வந்தேன். மகளுக்கு வேலை ஆறு மணிக்குத்தான் முடியும். அவள் வேலை செய்யும் இடத்தில் கொடுத்த மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு அறுபது வகுப்புகளுக்குப் பணம் உண்டு. அதற்கு மேல் போனால் முழுத் தொகையும் நாங்கள் கட்ட வேண்டும். ஒரு வகுப்புக்கு ஆகும் தொகை அவளுடைய மூன்று நாள் சம்பளம்.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரு சீட்டில் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எழுதி, கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த மையத்தின் வழக்கம். அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் பில் போட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். நான் சீட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். லிஃப்ட் வேலையிலும் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. தவிர, வகுப்பு நடந்த நாளையும் நேரத்தையும் என் சொந்த நோட்டிலும் எழுதி வந்தேன். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

வகுப்பு தொடங்கி ஐந்து மாதம் வரை ஒரு பில்லும் வரவில்லை. நான் பில் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். ஒரு முறை குறியீடு தவறு என்று காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பியது என்றார்கள். இன்னொரு முறை சரியான குறியீட்டோடு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். மூன்றாம் முறை எதுவுமே அனுப்பப்படவில்லை என்றார்கள். இப்படி ஒன்பது முறை போனேன். கடைசி முறை அங்கே வேலை செய்யும் பெண், "தாத்தா, பில் வந்தா நாங்களே கூப்புடுவோம், நீங்க எதுக்கு அலையறீங்க?" என்றார்.

"எங்கேருந்து வரணும்? நீங்கதானே போடறீங்க?"

"சிஸ்டத்துலேர்ந்து வரணும்."

"சிஸ்டம் எத்தனாவது மாடி? நான் ஏறிப் போய்க் கேட்டுக்கறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அதன் பிறகு டிசம்பர் மாதம் ஐந்து மாதத்துக்கும் சேர்த்து ஒரே உறையில் பதினான்கு பக்க பில் வந்தது. என் மகள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தாள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பில்லில் அறுபது வகுப்புகள் இருந்தன. என் நோட்டில் நாற்பதுதான். கூடுதல் இருபதில் ஏழு சனிக்கிழமைகள். சனிக்கிழமை அந்த மையம் பூட்டியிருக்கும். இன்னும் மூன்று, குழந்தை அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த நாள்கள். அந்த ஆண்டுக்கான அறுபதும் தீர்ந்துவிட்டது, இனிக் கையிலிருந்து கட்டினால்தான் வகுப்பு என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. குழந்தைக்கு இன்னும் பத்து வாரம் வர வேண்டிய பயிற்சி அன்றோடு நின்றது. இப்போது நிறுத்தினால் வந்ததும் போய்விடும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் என்னிடம் சொன்னார். ஆனால் அவருக்கும் பில்லுக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்.

அதன் பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு என் கைப்பட ஆறு பக்கம் புகார் எழுதினேன். இருபது வகுப்புகளுக்கும் என் கையெழுத்தோடு சீட்டு இருப்பதாகப் பதில் வந்தது. நான் நம்பவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பில் பிரிவுக்குப் போய்ச் சீட்டுகளைக் காட்டச் சொன்னேன். அந்தப் பெண் கோப்பைத் திறந்து கண்ணாடித் தடுப்புக்குக் கீழே தள்ளினார். "நல்லாப் பாருங்க, இது யார் கையெழுத்து?" என்றார்.

அது என் கையெழுத்து.

அது எப்படி வந்தது என்பதை இங்கே மறைக்காமல் சொல்கிறேன். செப்டம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை வகுப்பறைக் கதவின் சிறு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். பயிற்சிப் பெண் ஒரு சிவப்புப் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடினாள். அந்த நேரத்தில் பில் பிரிவுப் பெண் மாடிக்கு வந்து ஒரு சீட்டுக் கட்டை என் கையில் வைத்து, "நீங்க ஒவ்வொண்ணாப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த பிள்ளையோட நேரம் போயிடுது, எல்லாத்துலயும் போட்டுக் குடுத்துடுங்க" என்றார். நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டு முழுவதும் கையெழுத்துப் போட்டேன். கையில் வாங்கும்போதே சீட்டுகள் வெற்றாக இருந்தன. எத்தனை என்று எண்ணவில்லை. குழந்தை "தா" என்றாள். ஐந்து வருடத்தில் அவள் சொன்ன முதல் சொல் அது. அன்று சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்ததுகூட எனக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த இருபது சீட்டுகளையும் கோப்பிலிருந்து உருவிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டது நான்தான். காவலாளி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் திமிறியபோது முழங்கை பட்டுக் கண்ணாடித் தடுப்பு உடைந்தது. பில் பிரிவுப் பெண்ணின் வலது கையில் வெட்டுப்பட்டு இரண்டு தையல் போட்டதாக அறிந்தேன். நான் அவரை அடிக்கவில்லை. என் கைக்குட்டையை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. அவருக்குக் காயம் பட்டதற்கு நான்தான் பொறுப்பு.

அதன் பிறகு என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். மகள் வேலை உடுப்போடு வந்தாள். மையத்தின் மேலாளரும் வந்தார். நிலையத்து வாசல் பெஞ்சில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அது உங்க கையெழுத்து இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இருபதும் திரும்பி வந்துடும்" என்றாள்.

"என்னுதுதானேம்மா."

"உங்களுக்கு நீங்க சொன்னது சொன்னபடி நிக்கணும். அதுக்குப் பாப்பாவோட வாய அடமானம் வைக்கறீங்க."



மேலாளர் ஒரு சமாதானக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டு வந்திருந்தார். அறுபது வகுப்புகளும் நடந்தன என்று குழந்தையின் தாயாரும் நானும் எழுதிக் கொடுத்தால், 'மனிதாபிமான அடிப்படையில்' இருபது வகுப்புகள் இலவசமாகத் தருவதாகவும் என் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் அதில் இருந்தது. நான் இனி மையத்தின் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கடைசி நிபந்தனை. எங்களிடமிருந்து எடுத்த இருபதை எங்களுக்கே தானமாகத் தருகிறார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். மகள் என் முகத்தைப் பார்க்காமல் அவள் பங்குக்குப் போட்டுக் கொடுத்தாள். தாயின் கையெழுத்து இருப்பதால் குழந்தையை அனுப்பலாம், என் மேல் உள்ள வழக்கு மட்டும் நடக்கட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போனார். இன்று வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லி அன்று இரவு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதைப் பதிவு செய்யும் உதவி ஆய்வாளர் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, "ஐயா, நீங்க சொல்றத நான் எழுதினா உங்க பொண்ணு குடுத்த கடிதம் பொய்னு ஆயிடும். அந்த இருபதும் போயிடலாம். யோசிச்சுக்கங்க" என்றார். யோசித்தேன். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடக்காததை நடந்தது என்று சொல்லவும் வரவில்லை. எழுதுங்கள் என்றேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. மகளுக்கு அரை நாள் விடுப்புக் கிடைக்கவில்லை. வேலையை விட்டால் காப்பீடும் போகும். காலையில் அவள் என்னிடம், "கேட் வரைக்கும் கொண்டு போய் விடுங்க, அதுக்கு மேல போகாதீங்க" என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான். நான் அப்படியே செய்தேன். மூன்று ஐம்பத்தைந்துக்குக் கேட்டுக்கு வெளியே குழந்தையின் கையை விட்டேன். கேட்டிலிருந்து கட்டடக் கதவுக்கு முப்பது அடி இருக்கும். அவள் பாதி தூரம் போய்த் திரும்பினாள். காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டிப் போகச் சொன்னேன். அவள் போகவில்லை. என்னைப் பார்த்து "வா" என்றாள். வீட்டில் அந்தச் சொல்லை அவள் சொன்னதில்லை. மறுபடியும் சொன்னாள், சத்தமாக. நான் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். மூன்றாம் முறை சொல்லும்போது அழுதாள். பயிற்சிப் பெண் வெளியே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அப்போது மணி நான்கு எட்டு.

நீதிமன்றம் எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் மட்டும் குழந்தையைக் கேட் வரை கொண்டுபோய் விட என்னை அனுமதிக்க வேண்டும்.

இதில் உள்ளவை அனைத்தும் என் வாயால் சொன்னவை, நடந்தவை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டு, உண்மை என ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

புதன்கிழமை, மாலை 5.20. நிலைய உதவி ஆய்வாளர் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.