சூளைக் குடியிருப்பில் ஆள் இல்லை என்று எழுதியது பற்றி

என் பெயர், தந்தை பெயர், அடையாள எண் ஆகியவை முதல் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்து மூன்று. ஆற்றுப்பகுதி அலுவலகத்தின் ஊழியர் குடியிருப்பில் இரண்டாம் வரிசைக் கடைசி வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். அந்த அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் குடியிருப்புக் கணக்கெடுப்பு எழுத்தராக வேலை செய்கிறேன். கூட வேலை செய்பவர்கள் என்னை 'ஊர்ப்பூட்டு' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நானாக நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது ஆற்றின் இரு கரையிலும் முப்பத்தொரு குடியிருப்புகள் இருந்தன. மரக்கிடங்கு மூடியதும் அதைச் சுற்றி இருந்தவர்கள் போனார்கள், பாலம் கட்டியதும் பழைய துறைகளில் இருந்தவர்கள் போனார்கள், மற்றவர்களை வெள்ளம் விரட்டியது. ஒரு குடியிருப்பில் கடைசி ஆளும் போன பிறகு அங்கே ஆள் இல்லை என்று படிவம் எழுதி அதை மூடுவது என் வேலை. இதுவரை ஒன்பது குடியிருப்புகளை மூடியிருக்கிறேன். அப்படி மூடினால் அந்த ஊருக்கு மின்கம்பி போகாது, மருத்துவப் படகு நிற்காது, அணைத் திறப்பு எச்சரிக்கைப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்காது. இவை அனைத்தும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஊரை மூடினால் எனக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம் என்பதும் தெரியும்.

விதிப்படி நான் படகில் கடந்து போய் ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். பூட்டிய வீடாக இருந்தால் வெவ்வேறு நாளில் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் பல காலமாக யாரும் அப்படிச் செய்வதில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்குள் இக்கரையில் நின்று அக்கரையில் எத்தனை வீட்டில் அடுப்புப் புகை வருகிறது என்று பார்த்து எழுதிக்கொள்வோம். இதற்குப் புகை எண்ணுவது என்று பெயர். புகை வராத வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். மேலாளர் உட்பட எல்லோருக்கும் இது தெரியும். இருபத்தாறு வருடத்தில் எனக்கு ஒரு முறைகூடப் புகைக்கணக்கு தப்பியதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

சூளைக் குடியிருப்பு ஆற்றின் கிளைக்கால்வாயில், படகுத்துறைக்கு நேர் எதிரே இருக்கிறது. செங்கல் சூளை ஓடிய காலத்தில் நாற்பது வீடு. சூளை நின்ற பிறகு ஒவ்வொன்றாகக் காலியாகி, போன வருடம் மூன்று வீட்டில் புகை வந்தது. அதில் ஒன்று தையல்கார அக்காவின் வீடு. அவருக்கு வயது அறுபது. சூளையில் நெருப்பு பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அண்ணன், நடக்க முடியாமல் படுக்கையில் இருந்தார். அக்கா எனக்குச் சட்டைக் காலர் திருப்பித் தைத்துக் கொடுத்திருக்கிறார். "நாங்க இருக்கோமா செத்தோமான்னு பாக்கத்தானே வர்றீங்க" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார்.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு நான் படகுத்துறைக்குப் போனேன். படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார் படகோட்டி. அக்கரையில் எந்த வீட்டிலும் புகை இல்லை. அங்கே யாராவது இருக்கிறார்களா என்று அவரிடம் கேட்டேன். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் போய்விட்டார்கள் என்றும், தையல்கார அக்கா அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் இரண்டு வாரமாகத் தன் படகில் யாரையும் ஏற்றவில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு, "போய்ப் பாத்தாத்தான் சார் தெரியும். தார் காயட்டும், மத்தியானம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அன்று எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்ற ஆள் வருவதாக இருந்தது. ஒன்பது மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது மாலையில்தான். அதனால் படகுத்துறைக் கல்லில் உட்கார்ந்து படிவத்தை எடுத்து, சூளைக் குடியிருப்பில் ஆள் இல்லை என்றும், படகோட்டியை விசாரித்ததில் அவரும் அவ்வாறே உறுதி கூறினார் என்றும் எழுதினேன். அதன் பிறகு சாட்சியாக அவரிடம் ரேகை கேட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் படித்துக் காட்டவில்லை. தார் பட்ட விரலாலேயே வைத்தார், மை தேவைப்படவில்லை. அதன் பிறகு நான் பேருந்தில் வீட்டுக்குப் போனேன். குழாய் மாற்றும் ஆள் அன்று வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. படிவத்தை எழுதி முடித்து எழுந்தபோது, தையல்கார அக்கா வீட்டின் பக்கவாட்டுக் கொடியில் ஒரு நீலப் போர்வையும் இரண்டு ஆண் சட்டைகளும் தொங்குவதைப் பார்த்தேன். விட்டுவிட்டுப் போன துணியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்போது நல்ல காற்று அடித்தது. கரையோரப் புல் சாய்ந்தது, போர்வை ஆடவில்லை. காய்ந்த துணி ஆடும், ஈரத்துணி கனத்துத் தொங்கும். எங்கள் வீட்டில் துணி காயப்போடுவது நான்தான். எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தும் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இருபதாம் தேதி எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து சூளைக் குடியிருப்பு நீக்கப்பட்டது. இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டதால் துறையிலிருந்து எந்தப் படகும் அக்கரைக்குப் போகவில்லை. இருபத்தேழாம் தேதி பகல் இரண்டு மணிக்கு அணையின் மதகுகளைத் திறந்தார்கள். அதற்கு முன்பு ஒலிபெருக்கி கட்டிய விசைப்படகு பட்டியலில் உள்ள எல்லாக் குடியிருப்புக்கும் போயிற்று. படகுத்துறைக்குத் தொலைபேசியில் அறிவிப்பு வந்து, அக்கரைக்கு விசைப்படகு போகும் என்று நம்பிப் படகோட்டி குடும்பத்தோடு மேட்டுக்குப் போனார். பட்டியலில் பெயர் இல்லாததால் விசைப்படகு கிளைக்கால்வாய்க்குள் திரும்பவில்லை. மறுநாள் காலை தையல்கார அக்காவைச் சூளையின் உச்சியிலிருந்து உயிரோடு இறக்கினார்கள். அவருடைய அண்ணனின் உடல் வீட்டுக்குள், தையல் மேசை மேல் இருந்தது. அக்கா அவரை அதுவரைக்கும்தான் தூக்க முடிந்திருக்கிறது.

அதன் பிறகுதான் புகை வராத காரணம் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு நெஞ்சுச் சளி முற்றி, புகையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இரண்டு மாதத்துக்கு முன்பு மருத்துவப் படகுக்காரர்கள் ஒரு கேஸ் அடுப்பு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் அலுவலக விசாரணையில் என் படிவத்தைப் படித்தார்கள். பொய்த் தகவல் கொடுத்ததாகப் படகோட்டியைப் போலீஸ் காவலில் வைத்தார்கள், அவருடைய படகு உரிமத்தையும் நிறுத்தினார்கள். விசாரணையில் அவர் என்னைப் பார்த்து, "நான் அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்ல. சார் எழுதியிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். வெளியே வந்த பிறகு, ரேகை இருக்கும்போது உனக்கு என்ன பயம், வாயை மூடிக்கொண்டு இரு என்று மேலாளர் சொன்னார். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பத்தாம் நாள் மாலை படகோட்டியின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து மனைவியை உள்ளே போகச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. வாசலில் நின்றபடியே, தன் கணவர் ஏதோ ஞாபகமில்லாமல் சொல்லியிருப்பார், அதை மன்னித்து விடச் சொல்லி ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு அவருதான் சொல்வாரு" என்றார். காகிதத்தில் இருந்ததால் கட்டிய கணவரையே அவர் சந்தேகப்பட்டுவிட்டார். நான் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து மனு எழுதினேன். என் கணவர் அறியாமல் செய்த பிழை என்று நானே வாக்கியம் அமைத்தேன். படித்துக் காட்டினேன். அவர் அழுதார், எனக்குக் கும்பிடு போட்டார். மனு நன்றாக வந்திருந்தது. நான் வெட்கம் கெட்டவன் என்பதைத் தவிர இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலை தையல்கார அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் முதலில் அவரிடம் சொல்லிவிட்டு இங்கே வருவதாகத்தான் எண்ணம். பெண்கள் பகுதியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். நான் வாய் திறக்கும் முன்பு அவரே பேசினார். பன்னிரண்டாம் தேதி காலை நான் துறையில் இருந்ததை அவர் வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். கையை உயர்த்திக் காட்டியிருக்கிறார்.

"நீங்க தலையைக் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீங்க. உள்ள போய் அண்ணன்கிட்ட சொன்னேன், நம்மளத்தான் எழுதுறாருன்னு."

இருபத்தேழாம் தேதி தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதாகவும் சொன்னார். போன வருடம் விசைப்படகில் வந்த நான்கு பேர்தான் அண்ணனை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். இந்த வருடமும் வருவார்கள் என்று அண்ணனுக்குச் சட்டை மாற்றி, தலைவாரி, இருவரும் காத்திருந்திருக்கிறார்கள். தண்ணீர் வாசல்படி ஏறிய பிறகும், வந்துகொண்டிருப்பார்கள் என்று அண்ணன் சொன்னாராம். படகு ஏன் வரவில்லை, வழியில் அதற்கு ஏதாவது ஆகிவிட்டதா, அதில் இருந்தவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று அக்கா என்னிடம் கேட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதிப் படிவத்தில் உள்ள ரேகை படகோட்டியுடையது. அதற்கு மேலே உள்ள சொற்கள் முழுவதும் என்னுடையவை. அவர் குற்றமற்றவர், அவரை விடுவிக்க வேண்டும். நான் சொன்னதை எழுத்தர் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். ஈரத்துணி பற்றிய பகுதி வழக்குக்கு அவசியமில்லை, வேண்டுமானால் விட்டுவிடலாம் என்று அதிகாரி சொன்னார். விட வேண்டாம் என்று சொன்னேன். இதில் உள்ளவை அனைத்தும் நான் கண்டதும் செய்ததும்தான், கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. இதன் ஒரு படி தையல்கார அக்காவுக்குப் போக வேண்டும். அதை வேறு யாரும் அவருக்குப் படித்துக் காட்டக் கூடாது, நான்தான் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
குடியிருப்புக் கணக்கெடுப்பு எழுத்தர்

என் முன்னிலையில் பதிவு செய்து, வாசித்துக் காட்டி, ஒப்பம் பெறப்பட்டது.
நிலைய அதிகாரி