கீழே இருந்தவர்கள்

டும்.

தூரத்தில் பீரங்கி குத்துகிற சத்தம். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழு தாண்டினால் அது வேறு ஆட்களுக்கு.

ஐந்தில் செல் கூவிக்கொண்டு வருகிறது.

"வாயத் திறந்து வைச்சிருங்கோ! காதைப் பொத்துங்கோ!" அப்பா கத்துகிறார்.

பிறகு சத்தமே இல்லை. மண்.

2009 மே, இரண்டாம் கிழமை. முள்ளிவாய்க்கால். மண்ணில் வெட்டின பங்கருக்குள் மூன்று பேர். அப்பா, நான், தங்கச்சி யாழி. எனக்கு எட்டு வயது. யாழிக்கு நாலு. அம்மா அதற்கு முதல் மாதமே மாத்தளனில் செல் விழுந்து செத்துப்போனா. அண்ணா தண்ணீருக்குப் போயிருந்தார். பதினைந்து வயது.

ஓடி வந்தார். கையால் தோண்டினார். என் தலைமயிர் அகப்பட்டது. இழுத்தார். அப்பாவைப் பார்த்தார். பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

"யாழி! யாழி!"

இரண்டு தரம். பதில் இல்லை. டும்.

"அடுத்தது வருது! ஓடு! ஓடடி!"

ஓடமுதல் மண்மூட்டையை உதைத்து உள்ளே விழுத்தினார். காலால் மண்ணைத் தள்ளி மூடினார். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். செத்தவர் கிடக்கிற பங்கர்தான் அவருக்குக் குழி. நாய் இழுக்கக் கூடாது.

அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைக்கவில்லை. முகாமில் இல்லை. ஜெர்மனிக்கு வந்தும் இல்லை.

ஆஹென் நகரில் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணா வெதுப்பகத்தில் வேலை. போன மார்கழியில் பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பிளாஸ்டிக் கப்பல். துண்டு துண்டாக இருந்தது. ஒட்ட வேண்டும்.

"முப்பத்தொரு வயசில விளையாட்டுச் சாமானோ?"

"விசரி. இது எங்கட ஊருக்கு அடிக்க வந்த கப்பல்."

ஹிர்யு. ஜப்பானின் விமானந்தாங்கி. 1942 ஏப்ரல் 9 காலை திருகோணமலைக்குக் குண்டு போட வந்த விமானங்களில் இதன் விமானங்களும் இருந்தன. அப்பாவின் ஊர் திருகோணமலை. தங்கட ஆட்கள் குண்டுக்கு ஒளிக்கக் குழி வெட்டப் பழகினது அன்றைக்குத்தான் என்று அப்பா சொல்லுவார்.

அண்ணாவுக்கு ஜெர்மன் வாசிக்க ஏலாது. நானும் அரைகுறை. பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை நான் வாசிக்க வாசிக்க அவர் ஒட்டினார். கட்டளைக் கோபுரம் இடப்பக்கம். அநேகமான கப்பல்களில் அது வலப்பக்கம். அது அடித்த இடங்கள்: பேர்ள் துறைமுகம். டார்வின். கொழும்பு. திருகோணமலை. பிறகு மிட்வே. ஜூன் 4 பின்னேரம் நாலு குண்டு. கப்பல் எரிகிறது. கீழே இயந்திர அறையோடு தொடர்பு அறுந்துவிட்டது. எல்லாரும் செத்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். மற்றவர்களை இறக்கினார்கள். ஜூன் 5 விடிய, தங்கட கப்பலுக்குத் தாங்களே டோர்ப்பிடோ அடித்தார்கள்.

அடுத்த வரியை யோசிக்காமல் வாசித்தேன். அதற்குப் பிறகு கீழேயிருந்து ஆட்கள் மேலே ஏறி வந்தார்கள். முப்பதுக்கு மேல்.

அண்ணாவின் கையில் பசைக் குழாய்.

"உயிரோடயே இருந்தவை?"

"ஓம்."

"ஒருத்தரும் இறங்கிப் பாக்கேல்லையே?"

"இல்லையாம்."

பசை மேசையில் ஒழுகியது. அவர் துடைக்கவில்லை. கப்பலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினாறு வருடமாக யாழியைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

சொல்ல வாய் எடுத்தேன். வந்தது வேறு.

"சாப்பிட வாங்கோ அண்ணா."

"பசிக்கேல்ல பிள்ளை. நீ சாப்பிடு."

நாளைக்குச் சொல்லுவம் என்று நினைத்தேன். பதினொரு நாள் நாளைக்கு, நாளைக்கு என்றே போனது. பன்னிரண்டாம் நாள் விடியப்புறம் சைக்கிளில் வேலைக்குப் போனார். சந்தியில் லொறி வலப்பக்கம் திரும்பியது. சாரதியின் கண்ணில் இவர் படவில்லை. அந்த இடத்திலேயே செத்துப்போனார்.

இப்போது எழுதுகிறேன். அண்ணா மண்ணைத் தோண்டித் துவாரம் போட்டபோது உள்ளே வெளிச்சம் வந்தது. யாழியின் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. மேலேயிருந்து மண் கொட்டுண்டது. கண்ணுக்குள் கொட்டுண்டது. அவள் கண்ணை மூடவில்லை.

நான் பார்த்தேன். நீங்கள் மூட முதலே அவள் போய்விட்டாள், அண்ணா.

அம்மா. அப்பா. யாழி. அண்ணா. நாலு பேர். ஒரு பங்கர். கோபுரம் மட்டும் ஒட்டின ஒரு கப்பல். நான் சொல்லாத ஒரு வசனம்.