கல்விக் கந்தோரின் பெயரில் எடுத்த பாரை மீன்

வாக்குமூலம் அளிப்பவர்: சூசை நிறஞ்சலா. வயது 41. முகவரி: கடற்கரை வீதி, சவேரியார்பாடு, மன்னார். தொழில்: பாடசாலையில் காலை உணவு சமைத்தல். சமயம்: றோமன் கத்தோலிக்கம். விடயம்: கல்விக் கந்தோரின் பெயரைப் பொய்யாகப் பாவித்து மீன் பெற்றதாக அக்கந்தோர் உதவிப் பணிப்பாளர் திரு. பெனடிக்ற் செய்த முறைப்பாடு. எதிரியான நிறஞ்சலா தமிழில் கூற, சார்ஜன்ட் தமிழில் பதிவு செய்தது.

நான் மேற்படி முகவரியில் கணவருடன் வசிக்கிறேன். எங்கள் ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பது நானும் அஸீபாவும். அஸீபா முசலிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இங்கே தாயும் தகப்பனும் விடியுமுன்னரே கரைவலை இழுக்கவும் கருவாடு காயப்போடவும் போய்விடுவதால் பல வீடுகளில் காலையில் அடுப்பு எரிவதில்லை. பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கிடைப்பதுதான் அன்றைய முதற் சாப்பாடு. இதை முதலில் எழுதும்படி சார்ஜன்ட் ஐயாவிடம் கேட்டேன். மீன் கதை பிறகு வரும் என்றேன்.

அரிசியைக் கந்தோர் மூடையாக அனுப்பும். கறிக்கு அரசாங்கம் ஒதுக்குகிற காசையும் கந்தோர்தான் எங்களுக்குத் தரவேண்டும். இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து அந்தக் காசு வரவில்லை. நாங்கள் கடையில் கடனுக்கு எடுத்துச் சமைத்தோம். பிறகு கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். அதன்பின்னர் திரு. பெனடிக்ற் பாடசாலைக்கு வந்து, "கறி இல்லாமல் வெறுஞ்சோறு குடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. காசு வருமட்டும் குசினியைப் பூட்டுங்கோ" என்று சொல்லி, தாமே நின்று பூட்டுவித்தார். அரிசி உள்ளே அப்படியே கிடந்தது. அடுத்த நாள் மணி அடித்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வழமைபோலக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அதிபர் வகுப்புக்குப் போகச் சொல்லியும் அசையவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சார்ஜன்ட் ஐயா 'மனவருத்தம் அடைந்தேன்' என்று எழுதியிருந்தார். அதை வெட்டி, வயிறு எரிந்தது என்றே எழுதுவித்தேன்.

அதன்பின்னர் மறுநாள் விடிய நான் கடற்கரைக்குப் போனேன். எங்கள் பாட்டில், அதாவது வலை இழுக்கிற எங்கள் கரையில், மீன் ஏலம் போகும் முறையை இங்கே சொல்லவேண்டும். வலை கரையேறியதும் மீனைக் குவியல் குவியலாகப் போட்டு அலெக்ஸாண்டர் அண்ணன் ஏலம் கூறுவார். கேட்கிறவர் கையில் காசு வைத்திருக்கத் தேவையில்லை. யாருடைய பெயரில் எடுப்பது என்று சொன்னால் போதும். பெயருக்குரியவர் அங்கே நின்றால் அலெக்ஸாண்டர் அண்ணன் அவரைப் பார்த்து, "பேர் நிக்குதோ?" என்று கேட்பார். அவர் மறுத்தால் வேறு ஆளுக்கு விடுவார். மறுக்காவிட்டால் அந்தப் பெயருக்கு மீன் விழுந்தது விழுந்ததுதான். காசை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வஸீர் பிறகு போய் வாங்கிக்கொள்வார். எழுத்தும் இல்லை, சாட்சிக் கையொப்பமும் இல்லை. இதுவரை எங்கள் பாட்டிலிருந்து இந்தப் பொலிசுக்கு மீன் வழக்கு வந்ததில்லை.

அன்று திரு. பெனடிக்ற் தமது வீட்டுக்கு மீன் வாங்க மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். அவரும் கடற்கரையில் பிறந்தவர்தான், பக்கத்துப் பாடு. அவரைக் கண்ட பிறகே நான் பாரைக் குவியலைக் கேட்டேன். சூடை மீன் மலிவு, ஆனால் முள் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும். "ஆற்ற பேரில, பிள்ளை?" என்று அலெக்ஸாண்டர் அண்ணன் கேட்டார். நான் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "கல்விக் கந்தோர்ப் பேரில" என்றேன். சனம் சிரித்தது. அலெக்ஸாண்டர் அண்ணன் சிரிக்கவில்லை. திரு. பெனடிக்ற் பக்கம் திரும்பி, "தம்பி, கந்தோர் ஆள் நீங்கள் நிக்கிறீங்கள். பேர் நிக்குதோ?" என்றார். திரு. பெனடிக்ற் கையை ஆட்டி, "ஓம், ஓம், நடக்கட்டும்" என்றார். நான் பகிடி விடுவதாக அவர் நினைத்தாராம். முறைப்பாட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஏலத்தில் அந்தக் கேள்விக்குப் பகிடி கிடையாது என்பது கடற்கரையில் பிறந்தவருக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அதன்பின்னர் நானும் அஸீபாவும் மீனைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போய் அதிபரிடம் குசினிப் பூட்டின் திறப்பைக் கேட்டோம். காசுக்கு என்ன செய்தீர்கள் என்று அதிபர் கேட்டார். கரையில் நடந்ததைச் சொன்னேன். அவர் திறப்பை எடுத்துத் தந்தார். சோறும் பாரைக் குழம்பும் கொடுத்தோம். முதலாம் வகுப்புக்கு அஸீபா முள் பார்த்துப் பிசைந்து கொடுத்தார். மறுசோறு கேட்டவர்கள் எல்லோருக்கும் போட்டோம்.

அதன்பின்னர் வந்த பாடசாலை நாட்களிலும் அதே பெயரில் எடுத்தேன். கந்தோரிலிருந்து ஒருவரும் வந்து மறுக்கவில்லை. பின்னர் வஸீர் காசு கேட்டுக் கந்தோருக்குப் போய், கதிரையில் உட்கார்ந்துகொண்டு, காசு தராமல் எழும்ப மாட்டேன் என்றாராம். "ஊருக்கு முன்னால பேரைக் குடுத்துப்போட்டு இப்ப என்ன முழிக்கிறீங்கள்?" என்று திரு. பெனடிக்றைக் கேட்டாராம். அதற்குப் பிறகே நான் மோசடிக்காரி ஆனேன். குசினி பூட்டிக் கிடந்தபோது திரு. பெனடிக்றுக்குப் பொலிஸ் நிலையம் இருக்கிற இடம் ஞாபகம் வரவில்லை.

கேள்வி: கந்தோரின் பெயரில் மீன் எடுக்க உமக்கு எழுத்துமூல அனுமதி இருந்ததா?

பதில்: இல்லை. கந்தோர் ஆளின் வாய்மூல அனுமதி இருந்தது. கடற்கரை முழுக்கச் சாட்சி. அரசாங்கம் காசு ஒதுக்கியது பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு. சாப்பிட்டதும் பிள்ளைகள்தான். என் வீட்டுச் சட்டிக்கு ஒரு செதில்கூடப் போகவில்லை.

கேள்வி: முறைப்பாட்டாளர் இன்று உம்மோடு சமாதானம் பேசினாரா?

பதில்: பேசினார். மன்னிப்புக் கடிதம் தந்தால் முறைப்பாட்டை மீளப் பெறுவாராம். தராவிட்டால் சமையலிலிருந்து என்னை நிறுத்தி, வழக்குப் போட்டுக் கோட்டுக்கும் அனுப்புவாராம். "ரெண்டு வரி எழுதிக் குடுத்திட்டுப் போங்கோவன் அக்கா" என்றார். "எழுதுறன் தம்பி. அதுக்கு முதல் நாளைக்குப் பிள்ளையளுக்கு என்ன கறி எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ" என்றேன். மேலிடத்தில் கேட்கவேண்டும் என்று சொல்லி வெளியே போனவர் இன்னும் உள்ளே வரவில்லை. ஆகையால் நானும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

கேள்வி: நீர் மீண்டும் இவ்வாறு செய்வீரா?

பதில்: செய்வேன். நாளை வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட நாள். என்னை இங்கே மறித்து வைத்தால் அஸீபா கரைக்குப் போவார். அவரையும் பிடித்தால் தாய்மார் போவார்கள். பேசி வைத்தாகிவிட்டது. யார் போனாலும் கேட்பது கல்விக் கந்தோரின் பெயரில்தான். அந்தப் பெயர் வேண்டாம் என்றால் திரு. பெனடிக்ற் விடிய வந்து, வலை இழுக்கிற தாய் தகப்பன்மாருக்கு முன்னால் நின்று, உங்கள் பிள்ளைகளுக்குக் கந்தோர் பொறுப்பில்லை என்று வாய்திறந்து சொல்லட்டும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒருவரும் வெருட்டாமல், என் சொந்தப் புத்தியோடு சொன்ன இவை யாவும் உண்மை. கோட்டிலும் இதையே சொல்வேன் என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சூ. நிறஞ்சலா