இரண்டு கைக்கும் வேலை கொடுத்த எங்கள் அக்காவுக்கு

அழைத்த குரலுக்கு அரைக்கணமும் அயராமல் எழுந்தோடிய அன்பின் உருவே! சங்கொலி சென்ற சாலையெல்லாம் சாவோடு மல்லுக்கு நின்ற சலியாத நெஞ்சே! கத்தியைக் கண்டும் கலங்காமல், கத்தி வைத்திருந்தவரைக் கண்டும் கடுகடுக்காமல், கனிந்த சொல்லாலேயே காரியம் முடித்த கைராசிக்காரரே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தின் முதுகெலும்பாய் நின்ற மூத்த மருத்துவ உதவியாளரே, அக்காவே! வணக்கம்.

இந்த நான்கு விளிகளுக்கே நிலையத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. மோனைக்கு ஆசைப்பட்டு ‘காயங்களின் காதலியே’ என்று எழுதிவிட்ட கணக்கரை ஓட்டுநர்கள் சேர்ந்து அடக்கி வைத்தார்கள். மேலும், அக்காவுக்குத் தெரிந்த கதையை அக்காவிடமே அளப்பது கொல்லர் தெருவில் ஊசி விற்பதற்குச் சமம். ஆகவே இதை இங்கே கூடியிருக்கும் உறவினருக்கும், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கும் சொல்கிறோம். அக்கா கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

அவர் சேர்ந்த காலத்தில் எங்கள் நிலையம் ஒரு தகரக் கொட்டகை. இரண்டு வண்டி, ஒரு நீள பெஞ்சு, மூடி தொலைந்த ஒரு டீ ஃபிளாஸ்க். பழைய வண்டியின் பின்கதவு தாழ் போடாது. கயிற்றால் கட்டிக்கொண்டுதான் ஓடும். மழை வந்தால் நோயாளிக்குக் குடை பிடிக்க வேண்டும். இன்று குளிர்சாதன வண்டி வந்துவிட்டது, திரையில் வரைபடம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரே டீயை மூவர் பங்கு போட்டுக் குடித்த நாள்களை நினைத்தால் எங்களில் மூத்தவர்களுக்கு இன்றைக்கும் ஏக்கம்தான். அந்த நாள்கள் போனது போனதுதான்.

அந்தக் காலத்திலேயே அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரையும் தொடுவதற்கு முன்னால் கேட்பார்: “உங்ககிட்ட கூரா ஏதாவது இருக்கா? எனக்குக் குத்திட்டா அப்புறம் உங்களை யாரு பாக்குறது?” இந்தக் கேள்விக்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தச்சரின் பையிலிருந்து உளி வந்தது, தையல்காரரின் இடுப்பிலிருந்து கத்தரிக்கோல் வந்தது, முடிதிருத்துபவரின் சட்டைப்பையிலிருந்து சவரக்கத்தி வந்தது. சில சமயம் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களிடமிருந்து, தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத பொருள்களும் வந்தன. அவையெல்லாம் வண்டியிலிருக்கும் பூட்டுப் பெட்டிக்குள் போகும். மருத்துவமனையில் காவலர் கைக்குப் போகும். அடுத்தவர் பைக்குள் அக்கா ஒருநாளும் கை விட்டதில்லை. வெளியிலிருந்து தடவிப் பார்ப்பார், தேவைப்பட்டால் துணியை வெட்டி எடுப்பார். காவல் வேலைக்காரர் ஒருவரிடம் துப்பாக்கி இருந்தபோது, உறையோடு அப்படியே கழற்றி வைத்துவிட்டு, அதை ஆராய்ச்சி செய்யப் போன ஓட்டுநரின் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

கேட்டு முடித்ததும் அவர்களின் கைகளுக்கு வேலை கொடுப்பார். “இதைக் கொஞ்சம் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோங்க.” மடித்த போர்வை, பஞ்சுச் சுருள், டார்ச் லைட், ஒருமுறை ஓட்டுநரின் சாப்பாட்டு டப்பா. கை நிறைந்திருக்கும் ஆள் இடுப்பைத் தேட மாட்டார் என்பது அவர் கணக்கு. இப்படி எதையாவது அணைத்துக்கொண்டு யாராவது அவசரப் பிரிவுக்குள் வந்தால், அங்கிருக்கும் நர்ஸ் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார்: “இது ரெண்டு கை அக்கா கேஸு.” வாரக் கடைசியில் ஒரு பை நிறைய எங்கள் சாமான்கள் திரும்பி வரும். சாப்பாட்டு டப்பா மட்டும் வரவில்லை.

ஏன் இவ்வளவு நயமாகக் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டோம். “பயந்தவன்தான் கத்தி வெச்சிருப்பான். பயந்தவன்கிட்ட போய்ப் பறிச்சா பயம் ரெண்டாகும்” என்றார்.

இப்படிப்பட்ட அக்காவும் ஒருநாள் கோட்டை விட்டார். அதைச் சொல்லாத பாராட்டு அரைப் பாராட்டு.

பட்டறைகள் நிறைந்த தெரு, வெயில் சாயும் நேரம். கூட்டாளிகள் இருவருக்குள் தகராறு. ஒருவன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்திருக்கிறான். தள்ளுமுள்ளில் அது அவன் தொடையிலேயே ஏறிவிட்டது. வண்டி போனபோது கத்தியைக் காணவில்லை. “கண்ணாடி குத்திடுச்சுங்க” என்றார் அவன் தாயார். அக்கா அவனுடைய கால்சட்டையை வெட்டினார், இடுப்பைப் பார்த்தார், காலுறை வரை பார்த்தார். ஒன்றுமில்லை. தாயாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. எங்கள் தொழிலுக்கே உரிய தவறு அது: படுத்திருப்பவரைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடுவோம்.

பாலம் ஏறும்போது வண்டி குலுங்கியது. அந்த அம்மா இருக்கையிலிருந்து சரிந்தார். இடது கை கம்பியைப் பிடித்தது. வலது கையோ மடியிலிருந்த துணிப்பைக்குள்ளேயே இருந்தது. விழப்போகிற மனுஷி எதையும் உதறிவிட்டுத்தான் பிடிப்பார். உதறவில்லை என்றால் அது விடக்கூடாத பொருள். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆள் நடமாட்டமுள்ள இடமாகப் பார்த்து நிறுத்துவார். இருவரும் இறங்கித் தள்ளி நின்று காவலரைக் கூப்பிட வேண்டும். ஆனால் அக்காவின் இரண்டு உள்ளங்கைகளும் அந்தப் பிள்ளையின் தொடைமேல் இருந்தன. கட்டு நனைந்துவிட்டது. கையை எடுத்தால் அவன் இல்லை. ‘நிறுத்து’ என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது. அக்கா அதை விழுங்கிவிட்டார்.

“அம்மா, எனக்குக் கை வழுக்குது. இங்க வந்து அமுக்குங்க.”

அந்த அம்மா இடது கையை நீட்டினார்.

“ஒத்தக் கை பத்தாதும்மா. ரெண்டும் வேணும். உங்க புள்ளை.”

அந்தத் தாய் மகன் முகத்தைப் பார்த்தார். பை மடியிலிருந்து நழுவியது. கைப்பிடி வெளியே தெரிய ஒரு கத்தி தரையில் விழுந்தது. அக்கா குனியவில்லை. செருப்புக் காலால் அதை மிதித்துக்கொண்டார். தாயின் இரண்டு கையும் காயத்தின்மேல், அக்காவின் இரண்டு கையும் அவற்றின்மேல். மருத்துவமனை வரும் வரை அப்படியே.

“இதைப் போலீஸ்ல குடுத்துடுவீங்களா?” என்று வழியில் அந்த அம்மா கேட்டார்.

“குடுப்பேன். எனக்குப் பொய் வராது. கேட்டதும் கீழ போட்டுட்டு புள்ளையைப் புடிச்சாங்கன்னும் சொல்லுவேன். அதுவும் நெசந்தானே.”

சொன்னபடியே செய்தார். அந்த அம்மா நன்றி சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டான். வழக்கு என்னவாயிற்று என்பது எங்கள் காது வரை வரவில்லை.

பின்கதவைத் திறந்த ஓட்டுநர் தம்பி அக்காவின் காலடியைப் பார்த்துவிட்டார்.

“எப்ப தெரியும்?”

“பாலம் ஏறும்போது.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்ப.”

தம்பி போய் வண்டியைக் கழுவினார். அதற்குப் பிறகு அக்காவோடு அவருக்குப் பேச்சு என்பது ‘சரி’, ‘கிளம்பலாம்’ என்ற இரண்டோடு நின்றது. வேறு வண்டி வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டார். “அவங்க உசுரை அவங்க பணயம் வெக்கலாம். என் கழுத்துக்குப் பின்னாடி கத்தி இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு” என்றார். பொறுப்பாளரும் திங்கள் முதல் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார். நிலையம் இரண்டு கட்சியானது. பாதிப் பேர் அக்கா பக்கம், பாதிப் பேர் தம்பி பக்கம். அக்காவும் தம்பி பக்கம்தான். “அவன் சொல்றதுதான் சரி” என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும். முன்னால் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. அந்த நம்பிக்கை போனால் ஒரே வண்டியில் இருவர் போக முடியாது. அந்த ஓட்டுநரை இழக்கப்போகிறோம் என்ற எண்ணத்தில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

விடுமுறை நாளன்று தம்பியின் வீட்டுக்குப் போய் நின்றார். மாடி வீடு. தம்பியின் மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தம்பி வீட்டில் விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை என்பது அக்காவுக்குத் தெரியாது. வாசலில் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னார். “எனக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்லாம இருந்துட்டேன்மா. உன் புருஷனைக் கேக்காம நானே முடிவு பண்ணிட்டேன்.”

பிழிந்த துணி கையிலேயே இருந்தது. தண்ணீர் சொட்டியது. உள்ளிருந்து வந்த தம்பி கதவோரம் திருடனைப்போல நின்றார்.

“நீங்க பண்ணது தப்புதான்க்கா” என்றார் அந்தப் பெண். துணியை உதறிவிட்டு, “அந்தப் பையன்?” என்று கேட்டார்.

“பொழச்சுட்டான்.”

“இவருக்குப் பின்னாடி கத்தி மட்டுமா இருந்துச்சு? நீங்களும்தானே இருந்தீங்க. அதான் இவரு வீடு வந்து சேந்தாரு.” துணியைக் கொடியில் போட்டார். “ஆனா இனிமே சொல்லிடுங்கக்கா. நிறுத்துறதா வேணாமான்னு அவரும் யோசிக்கட்டும்.”

“சொல்றேன்மா” என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை தம்பி அக்காவின் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து, “டீசல் போட்டாச்சா?” என்று கேட்டார். எங்கள் நிலையத்தில் சமாதானம் இப்படித்தான் கையெழுத்தாகும்.

அன்றிலிருந்து அக்கா சொன்னார் பாருங்கள், காது புளித்துப்போகும் அளவுக்குச் சொன்னார். “தம்பி, ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு.” “தம்பி, நகவெட்டி.” “தம்பி, கூட வந்தவங்க முந்தானையில ஊக்கு.” தம்பியும் சளைக்காமல், “ஊக்கை நெனச்சா கை நடுங்குதுக்கா, நிறுத்திரட்டுமா?” என்பார். சிரித்துக்கொண்டே ஓடிய வருடங்கள் அவை.

அப்புறம் ஒருநாள் உண்மையிலேயே வந்தது. தொழிற்சாலைக் காவலாளி ஒருவர், சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தவர், மருந்து ஏறியதும் மெல்லக் கண் திறந்தார். அசைந்த காலில், காலுறைக்குள் உறையோடு ஒரு கத்தி புடைத்துத் தெரிந்தது. அக்கா போர்வையை அவருடைய இரண்டு கைகளிலும் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே உரக்கச் சொன்னார்: “தம்பி, கத்தி. இடது கால்ல. ஆளு அமைதியாத்தான் இருக்காரு.”

வண்டி பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றது. முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தள்ளிப் போகும் காலடியை எதிர்பார்த்து அக்கா இறங்கத் தயாரானார். காலடி தள்ளிப் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது. பின்கதவு திறந்தது.

“நீங்க அவரோட பேசிட்டு இருங்கக்கா. காலை நான் பாத்துக்குறேன்.”

அக்கா காவலாளியிடம் அவர் பேத்தி எந்த வகுப்பு என்று விசாரித்தார். தம்பி காலுறையை வெட்டி, கத்தியை உறையோடு எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். “அது என்னோடதுங்க” என்றார் காவலாளி. “தெரியும்ணே, பத்திரமா இருக்கும்” என்றார் தம்பி. அந்த ஆள் முரண்டு பிடித்திருந்தால் இருவரும் இறங்கித் தள்ளி நின்றிருப்பார்கள். அதை இருவருமே மறைப்பதில்லை.

மருத்துவமனையில் கை கழுவும்போது அக்கா கேட்டார்: “நீ பாட்டுக்கு இறங்கித் தள்ளி நின்னிருக்கலாமே.”

“சொல்லாம இருந்திருந்தா எங்க வர முடியும்? சொன்னீங்க, வந்தேன்” என்றார் தம்பி.

அக்கா குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றிருந்தாராம். தம்பிதான் மூடினாராம்.

அக்கா, இனி காதிலிருந்து கையை எடுக்கலாம். உங்களுக்காகச் சொல்ல வேண்டியதுதான் மீதி இருக்கிறது. உயிரைக் காத்த உங்கள் கைகள் ஓய்வில் உரம் பெறட்டும். உறவும் நட்பும் உடனிருக்க, உறக்கம் உடையாத இரவுகள் உங்களுக்கு வாய்க்கட்டும். நோயறியா உடலோடும் நோவறியா உள்ளத்தோடும் நூறாண்டு கடந்து நீங்கள் வாழ வேண்டும். இப்படி வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிடலாம்தான். ஆனால் போன மழைக்காலம் முழுவதும் முதுகு வலியை மறைத்துக்கொண்டு நீங்கள் ஸ்ட்ரெச்சர் தூக்கியதை மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். சொன்னால் தூக்க விடமாட்டோம் என்று நினைத்திருப்பீர்கள். உண்மை, விட்டிருக்க மாட்டோம்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். வலித்தால் சொல்லுங்கள். பகல் நீளமாக இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் பேச ஆளில்லாத நாளில், ஒன்றுமில்லை என்று சொல்வதற்காகவாவது கூப்பிடுங்கள். எங்களுக்கு வேலை இருக்குமே, தொந்தரவாகுமே என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

சொல்லுங்கள் அக்கா. நிறுத்திவிட்டு வருகிறோம்.

என்றும் தங்கள் பின்கதவருகில்,
ஓட்டுநர் தம்பியும், அவர் மனைவியும்,
ஆம்புலன்ஸ் நிலையப் பணியாளர் அனைவரும்