நீலக்கரை விரிப்பில் போட்ட முடிச்சு

என் பெயரும் வீட்டு விலாசமும் தனித்தாளில் எழுதப்பட்டு உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் அப்படிச் செய்யப்பட்டது. எனக்கு வயது முப்பத்தாறு. கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஹோட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் பதினோரு வருடமாகத் துணி மடித்து வருகிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இன்று காலை பத்து மணிக்கு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். பயமின்றி வந்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம் என்று இதை எழுதும் பெண் அதிகாரியிடம் சொன்னேன், ஏனென்றால் அது பொய்.

இந்த வழக்கில் கைதாகியிருக்கும் பாடகர் என் கூடப்பிறந்த அண்ணன். தகரடப்பா என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் அவர் மூட்டை தூக்கிய கிடங்கில், தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை என்று ஆட்கள் வாசலில் உட்கார்ந்தபோது, காலி எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு ஒரு பாட்டுக் கட்டினார். அந்த வேலை அன்றோடு போயிற்று. அதன் பிறகு சாக்கடைக்குள் இறங்குகிறவர்களுக்கும், குடிசையை இடித்து விரட்டப்பட்டவர்களுக்கும், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அடுத்தவர் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவர்களுக்கும் பாட்டுக் கட்டி, ஆலை வாசல்களில் பாடி வருகிறார். எங்கள் அம்மா சாகிறவரைக்கும், "ஊர் வம்பெல்லாம் உன் தலையிலதான் எழுதியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டு சோற்றைப் பிசைவார்.

அண்ணனுக்கு எழுதிவைக்கும் பழக்கம் கிடையாது, எல்லாம் வாயிலேயேதான் கட்டுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கதையோ அவர்களிடம் முதலில் பாடிக் காட்டி, "எந்த வரிய எடுக்கணும், சொல்லுங்க" என்று கேட்பார். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார். ஏன் என்று கேட்க மாட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, நான் துணிக்கூடையைத் தள்ளிக்கொண்டு பின்முற்றம் வழியாகப் போனபோது, உலர்த்தும் அறையின் பின்கதவை எங்கள் சூப்பர்வைசர் வெளியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் மணி பார்ப்பதால் அவரைக் கடிகாரம் என்போம். நீலக்கரை போட்ட பழைய விரிப்பு ஒன்றைக் கிழித்து, தாழ்ப்பாளையும் பக்கத்துக் குழாயையும் சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டார். "காத்து வாங்கவா வேலைக்கு வர்றீங்க?" என்றார். நான் கூடையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

அன்று மதியம் உலர்த்தும் அறையில் நீராவிக் குழாய் வெடித்தது. உள்ளே இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி எனக்கு அடுத்த மேசைக்காரி, மதியச் சாப்பாட்டில் என் டப்பாவிலிருந்து கேட்காமலே எடுத்துத் தின்கிற உரிமைக்காரி. முன்பக்கம் முழுக்க ஆவியாக இருந்ததால் நான் சுற்றிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினேன். உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் கசிந்த ஆவியில் துணி நனைந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் முடியாமல் பல்லால் இழுத்தேன். ஒரு முடிச்சு அவிழ்ந்தபோது தட்டும் சத்தம் இருந்தது. இரண்டாவது முடிச்சு அவிழ்ந்தபோது இல்லை.

அதன் பிறகு கடிகாரம் வந்து என் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "கதவு சூட்டுல வீங்கிடுச்சு. அவ்வளவுதான். என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். இரண்டு பேரும் எப்படிச் செத்தார்கள் என்று விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோதும் அப்படியே தலையாட்டினேன். அந்தத் துணியைப் பற்றித் தெரிந்தது கட்டியவருக்கும் அவிழ்த்த எனக்கும் மட்டும்தான்.

இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு அண்ணனிடம் சொல்லி அழுதேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மாவு டின்னை இரண்டு விரலால் தட்டிக்கொண்டு மெதுவாகப் பாடிக் காட்டினார்.

"தாழ்ப்பாளு துருப்பிடிக்கல, தகரக் கதவு வீங்கல,
நீலக்கர விரிப்பக் கிழிச்சு முடிச்சுப் போட்ட கை யாருது?"

ரெண்டாவது வரியை எடுத்துவிடு என்றேன். சரி என்று சொல்லி, அங்கேயே வேறு வரி கட்டினார். "தட்டித் தட்டிச் செவந்த கைக்குப் பதில் சொல்லும் வாய் யாருது?" என்பது அந்த வரி.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குத் தொழிலாளர் அலுவலக வாசலில் கூட்டம் நடந்தது. நானும் போய் ஓரமாக நின்றேன். அண்ணன் அந்தப் பாட்டைப் பாடினார். கூட்டம் மறுபடியும் கேட்டது, பாடினார். இரண்டு தடவையும் மாற்றிய வரிதான் வந்தது. மூன்றாம் தடவை இறந்துபோன என் மேசைக்காரியின் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார். முதலில் கட்டிய வரி வாயில் வந்துவிட்டது. பாடிய மறுகணம் டின்னைத் தட்டிய கை நின்றுவிட்டது. எதிர்ப்புறம் டீக்கடையில் கடிகாரம் நின்றிருந்தார். அவர் பாடியவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தார். பிறகு மணி பார்த்தார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அவள் பையின் வாரில் நீலக்கரைத் துணி ஒன்று கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு. கேட்டதற்கு, "ஒரு மாமா கட்டிவிட்டாரும்மா. அம்மாகிட்ட காட்டு, அவுங்களுக்கு அவுக்கத் தெரியும்னாரு" என்றாள். அந்த முடிச்சைத் தொட எனக்குத் துணிவு வராமல், பையின் வாரையே கத்தரித்து எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அதை இப்போது முடிச்சோடு ஒப்படைத்திருக்கிறேன்.

என் கணவர், "வாயக் குடுத்து மாட்டிக்காத. நமக்கு ஒரே பொண்ணு" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு பொய்ச் செய்தி பரப்பியதாக ஆலை கொடுத்த புகாரில் போன புதன்கிழமை அண்ணனைக் கைது செய்தார்கள். நான் அவரைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மூணாவது தடவ வாய் வழுக்கிடுச்சு பாப்பா. நீ எடுக்கச் சொன்ன வரிய நான் பாடியிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "அது நானே கற்பனையா கட்டினதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ வீட்டுக்குப் போ" என்றார். முப்பது வருடம் பாடியதில் ஒரு வரியைக்கூட அவர் பொய் என்று சொன்னதில்லை. எனக்காக முதல் தடவை சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்தது நிலைத்துவிட்டால் அவர் சிறைக்குப் போவார், கதவு சூட்டில் வீங்கியது என்பதும் நிலைத்துவிடும்.

இன்று விடிந்ததும் மகளை என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் கணவர் திட்டிக்கொண்டேதான் வண்டியை எடுத்தார், ஆனால் எடுத்தார். அதன் பிறகு நான் இங்கே வந்தேன். அண்ணன் பாடிய வரி கற்பனை அல்ல. அதை அவரிடம் சொன்னவள் நான். முடிச்சுப் போட்ட கை சூப்பர்வைசருடையது. என் கண்ணால் பார்த்தேன், என் பல்லால் அவிழ்த்தேன். முன்பு தலையாட்டியது பொய்.

மேலே உள்ளதெல்லாம் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டப்பட்டது. படித்து முடித்த பெண் அதிகாரி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா யோசிங்கம்மா. ஏதாவது ஒரு வரிய எடுக்கணும்னா இப்பவே சொல்லுங்க" என்றார். இதே கேள்வியை என் சமையலறையில் அண்ணன் ஒரு தடவை கேட்டிருக்கிறார். அன்று எடுத்துவிடு என்றேன். இன்று, "எல்லாம் இருக்கட்டும் மேடம்" என்றேன். நான் சொல்லியதும் இதில் எழுதியிருப்பதும் ஒன்றே, அனைத்தும் உண்மை. முதலில் போட்ட கையொப்பம் சிதைந்துவிட்டது. அதை அடித்துவிட்டு, கீழே இரண்டாம் முறையாக முழுப் பெயரில் கையொப்பமிடுகிறேன்.