சேலியமேட்டில் புதைத்த யானை

ராத்திரி ஒன்றரை மணி. பாகூரிலிருந்து சேலியமேட்டுக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு... ஒரு விளக்குக் கம்பம்கூட எரியவில்லை. அந்த இருட்டில் ஒரு ஜேசிபி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவன் நடேசன். நம் குமரவேல் இருக்கிறானே, அவன் தங்கை ஜெயசித்ராவின் புருஷன். அவள் இப்போது அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். குமரவேல் இங்கே இருந்தால் இதைச் சொல்ல விடமாட்டான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நடேசனை அந்நேரத்துக்குக் கூப்பிட்டவர் சிவப்பிரகாசம். அவரிடம் ஒரு பெண் யானை இருந்தது. பெயர் வெண்ணிலா. கல்யாண ஊர்வலம், கடைத் திறப்பு என்று புதுச்சேரி டவுனுக்கு அதை வாடகைக்கு விடுவார். அன்றைக்கும் ஒரு கடைத் திறப்பு. சித்திரை வெயில். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தார்ச் சாலையிலேயே நின்றது. வருகிறவர் தலையில் தும்பிக்கையை வைக்கத் தாமதித்தால், பாகன் பாக்யராஜ் காதுக்குப் பின்னால் ஆறாத புண்ணிலேயே அங்குசத்தைக் குத்துவான். புண் தெரியாமல் இருக்க அதன்மேல் மஞ்சள் அப்பி, மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். ராத்திரி அதை நடத்தியே கூட்டி வந்தார்கள். சேலியமேடு தாண்டியதும் சிவப்பிரகாசத்தின் கொல்லை ஓரத்தில் விழுந்தது.

நடேசனுக்கு முதலில் வந்தது வாசனைதான். வாடிய மல்லிகை... அதற்கடியில் அழுகிய பாதத்தின் சீழ் நாற்றம்.

"செத்துப்போச்சாண்ணே?"

"செத்துடுச்சு. விடியறதுக்குள்ள மூடணும். ஃபாரஸ்ட் ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்னை உள்ள வெச்சிடுவாங்க."

பத்தடிக்குத் தோண்டினான். பாக்யராஜ் கால் சங்கிலியைக் கழற்றினான். தோலும் அதோடு உரிந்து வந்தது. நடேசன் பக்கெட்டால் தள்ளினான். வெண்ணிலா ஒருக்களித்து உள்ளே விழுந்தது. ஹெட்லைட்டைப் பள்ளத்துக்குள் இறக்கியபோது பார்த்தான்... கண் திறந்திருந்தது. வெளிச்சம் போன பக்கமெல்லாம் கண்ணும் போனது.

"அண்ணே, உசுரு இருக்குது."

சிவப்பிரகாசம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் ஒரு மணி நேரத்துல போயிடும். அதுவரிக்கும் இன்னா, பக்கத்துல உக்காந்து விசிறிக்கினு இருப்பியா? மூடு."

பாக்யராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தான்.

தன் கை ஏன் லீவரைத் தள்ளியது என்று நடேசனுக்கு இன்றுவரை தெரியாது. முதல் பக்கெட் மண். இரண்டாவது. மூன்றாவது விழுந்தபோது தும்பிக்கை மேலே வந்தது. பார்வை இல்லாதவர் முகம் தடவிப் பார்ப்பதுபோல் பக்கெட்டின் விளிம்பைத் தடவியது... பிறகு மண்ணுக்குள் போய்விட்டது. மூடிய இடத்தின்மேல் வண்டியை ஏற்றி மிதிக்கச் சொன்னார் சிவப்பிரகாசம். முன்னும் பின்னுமாக ஏழெட்டு தடவை மிதித்தான்.

இன்ஜினை அணைத்தான். ம்ம்ம்ம்... மண்ணுக்கடியிலிருந்து ஒரு முனகல். காதில் கேட்கவில்லை. சீட்டின் இரும்பு வழியாக நெஞ்செலும்பில் ஏறியது.

மறுநாள், அதே ஒன்றரை மணி. பாகூரில் நடேசன் வீடு. குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. ஜெயசித்ராவும் விழித்துக்கொண்டாள்.

"இன்னா சத்தம் அது? எங்கனா போர் போடறாங்களா?"

அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். தினமும் வந்தது. தரையில் படுத்தால் முதுகில் ஊர்ந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி அவள் மடியில் முகத்தைப் புதைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

"நாளைக்கே போயி சொல்லிடு," என்றாள்.

"லைசன்ஸ் பூடும்டி. உள்ள தள்ளிடுவாங்க."

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். அவளையும் போகவிடவில்லை. நாள் ஆக ஆகச் சத்தம் இளைத்தது. பதினெட்டாம் நாள் ராத்திரி வரவே இல்லை. குடத்துத் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. நடேசன் பொழுது விடிந்தும் எழாமல் தூங்கினான். எழுந்து, "மன்னிச்சிடுச்சு," என்று சொல்லிவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

ஜெயசித்ராவுக்குச் சோறு இறங்கவில்லை. இருபதாம் நாள் காலையில் அவனிடம் சொல்லாமல் பஸ் ஏறி, டவுனுக்குப் போய் ஃபாரஸ்ட் ஆபீசில் சொல்லிவிட்டாள். மத்தியானம் ஜீப் வந்தது, ஒரு கால்நடை டாக்டரோடு. சிவப்பிரகாசமும் பாக்யராஜும் ஊரிலேயே இல்லை. நடேசனையே தோண்டச் சொன்னார்கள்.

ஓர் அடி போவதற்குள் பக்கெட் மெத்தென்று எதிலோ இடித்தது. இறங்கிக் கையால் மண்ணை விலக்கினான். தும்பிக்கையின் நுனி. நேராக மேலே பார்த்து நீட்டியிருந்தது. அதை ஒட்டியே மண்வெட்டியால் தோண்டினார்கள். நெற்றி வந்தது. முதுகு வந்தது. ஒருக்களித்துப் புதைத்த யானை, பத்தடிப் பள்ளத்தில் நான்கு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் உள்ளே இறங்கினார். இமையைத் தூக்கிப் பார்த்தார். வாய்க்குள் கையை விட்டு நாக்கை அழுத்தினார்.

"எப்பப் புதைச்சே?"

"இருபது நாளாச்சு சார்."

டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"பொய் சொல்லாதப்பா. இது செத்து ரெண்டு நாள்தான் ஆகுது."